மாதர் சங்கத்தின் பெருமை தொண்டிலேயே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? "கொடி பிடிச்சு ஜெயிலுக்குப் போன பெண்களுக்குப் போடுங்க மாலையை. தையல் கிளாஸ் நடத்துற சங்கத்துக்கு எதுக்கு?"ன்னாரு. நீங்களும் கை தட்டினீங்க. அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்காம இறங்க மாட்டேன்!

அண்ணே, 1917ல அடையாறுல இந்திய மாதர் சங்கம் பிறந்துச்சு. அன்னி பெசன்ட் தலைவர், மார்கரெட் கசின்ஸ் செயலாளர். கிளைகள்ல எழுத்து, தையல், முதலுதவி எல்லாம் சொல்லிக் கொடுத்தாங்க. நீங்க கேலி பண்ணின அதே தையல் கிளாஸ்! அந்த வருஷ டிசம்பர்லயே அந்தப் பெண்கள்தான் சரோஜினி நாயுடு தலைமையில, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு முன்னால போய் நின்னு, பெண்களுக்கு ஓட்டு கேட்டாங்க. 1919ல மதனப்பள்ளியில 'ஜன கண மன'வுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதினது யாரு? அந்த கசின்ஸ் அம்மாதான். தையல் கிளாஸாம்!

இப்போ அதே சங்கத்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1930ல காந்தியைக் கைது பண்ணினதும் சட்டமன்றப் பதவியைத் தூக்கிப் போட்டாங்க. "பாத்தீங்களா, தேசப்பற்று!"ம்பாரு அண்ணன். இருங்கண்ணே. அதே வருஷம் அந்த அம்மா வீட்டுக் கதவைத் தட்டுறாங்க மூணு பொண்ணுங்க. தேவதாசிக் குடும்பத்துப் பிள்ளைங்க. விடுதியில சேர்த்துவிடப் பாக்குறாங்க. இடமில்லை. விடுதி இருக்கு, பாய் இருக்கு, சோறு இருக்கு. இந்தப் பிள்ளைங்களுக்கு மட்டும் இடமில்லை! சட்டமன்றத்துக்கே துணைத் தலைவரா இருந்தவங்க கேட்டும், மூணே மூணு பிள்ளைங்களுக்கு இந்தப் பெரிய பட்டணத்துல இடமில்லை!

அம்மா என்ன செஞ்சாங்க? தன் வீட்டுலயே வெச்சுக்கிட்டாங்க. அப்படி வளர்ந்ததுதான் அவ்வை இல்லம். அந்த அம்மாவைப் பெத்த சந்திரம்மாளும் இசை வேளாளர் குடும்பத்துல, அதே தேவதாசி மரபுல வந்தவங்கதான். அந்த மூணு பேர்ல தன் தாயோட முகத்தைப் பாத்திருப்பாங்க நடுவரே!

உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வலி, அவங்களை விடவே இல்லை. மாதர் சங்கத்து நிதியை வெச்சு, 1954ல அடையாறுல 12 படுக்கையோட புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தாங்க. இன்னைக்கும் அங்க அம்மாவை உட்கார வெச்சிட்டு, சீட்டைக் கையில பிடிச்சு வரிசையில நிக்கிறான் ஒரு மகன். கொடியா தொண்டான்னு அவன்கிட்ட கேளுங்க நடுவரே. அவன் சொல்றதையே தீர்ப்பா எழுதுங்க!