அதிகம் தோற்ற அணி எப்படி சாம்பியன் ஆனது?

[திரையில்: மியாமி மைதானம், இரவு. ஸ்கோர்போர்டில் இந்தியானா 17, மியாமி 14.]

2026 ஜனவரி 19. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் இறுதிப் போட்டி, கடைசிக் கால்பகுதி. இந்தியானா மூன்று புள்ளி முன்னால் இருக்கிறது. எதிராளியின் எல்லைக் கோட்டைத் தொட இன்னும் 12 கெஜம். இது நான்காவது, கடைசி முயற்சி, பந்தைத் தக்கவைக்கத் தேவை 4 கெஜம். தவறினால் பந்து எதிராளிக்கு. பந்தை உதைத்து மூன்று புள்ளியை வாங்கிக்கொள்வதுதான் பத்திரமான வழி. உதைக்கும் ஆட்கள் உள்ளே வந்தும் விட்டார்கள். அப்போது பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி டைம்-அவுட் கேட்கிறார். உதைக்க வந்தவர்கள் வெளியே போகிறார்கள், தாக்குதல் அணி திரும்பி வருகிறது.

தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா பந்தை யாருக்கும் எறியவில்லை. நடுவில் புகுந்து ஓடினார். இடித்தார்கள், சுழன்றார், தடுமாறினார். கடைசியில் இரண்டு கையையும் நீட்டிப் பாய்ந்து கோட்டைத் தொட்டுவிட்டார். ஆட்டம் 27-21 என்று முடிந்தது. அந்த சீசனில் இந்தியானா ஆடியது 16, வென்றது 16. இதற்கு முன் ஒரு பெரிய கல்லூரி அணி 16-0 என்று முடித்தது 1894இல், யேல்.

(ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியைத் தேடாதீர்கள். இது ஹெல்மெட் போட்டு முட்டை வடிவப் பந்தோடு மோதும் ஆட்டம்.)

[திரையில்: பாதி காலியான பழைய மைதானப் படங்கள்.]

இந்த வெற்றியின் எடை தெரிய, இந்தியானா யார் என்று தெரியவேண்டும். அது கூடைப்பந்து ஊர், ஐந்து தேசியப் பட்டம் வாங்கிய ஊர். ஃபுட்பாலிலோ 700க்கும் மேல் தோல்விகள். நாட்டின் முதல்தர அணிகளிலேயே அதிகம் தோற்ற அணி என்ற பெயர் வேறு இருந்தது. 2023 வரை ஒரு சீசனில் பத்து வெற்றி என்பதையே அது பார்த்ததில்லை. அந்த ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வி.

சரி, இப்படிப்பட்ட அணிகள் ஏன் மேலே வரவே முடியவில்லை?

தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் கடைசியாக வந்த அணிக்குத்தான் அடுத்த ஆண்டு புது வீரர்களில் முதல் தேர்வு. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஐபிஎல் ஏலம் பார்த்தவர்களுக்கு இது புரியும்: எல்லார் பையிலும் ஒரே அளவு பணம். கல்லூரி ஆட்டத்தில் இது எதுவுமே இல்லை. எங்கே போவது என்று முடிவு செய்வது 17, 18 வயதுப் பையன். அவன் ஜெயிக்கிற இடத்துக்குத்தான் போவான். அவன் போவதால் அந்த இடம் மறுபடியும் ஜெயிக்கும்.

இதை உடைக்க முயற்சி நடக்காமல் இல்லை. வீரர்களுக்கான ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையைப் படிப்படியாக வெட்டி, 1990களில் அணிக்கு 85 என்று நிறுத்தினார்கள். பெரிய கல்லூரிகள் நல்ல வீரர்களை மூட்டை மூட்டையாகச் சேர்த்துப் பெஞ்சில் பூட்டி வைக்கக்கூடாது என்பதுதான் எண்ணம். பலன்? 2014 முதல் 2023 வரை பத்து சீசன், ஆண்டுக்கு நான்கு அணி, மொத்தம் 40 பிளேஆஃப் இடங்கள். அதில் 23 இடத்தை அலபாமா, கிளெம்சன், ஒஹாயோ ஸ்டேட், ஓக்லஹோமா என்ற நான்கே அணிகள் எடுத்துக்கொண்டன.

[திரையில்: 40 கட்டங்கள், 23 மட்டும் சிவப்பாக மாறுகின்றன.]

அப்புறம் 2021 வந்தது. ஒரு முறை கல்லூரி மாறினால் ஓராண்டு உட்காரவேண்டும் என்ற விதி போனது. வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஜூலை 1 முதல் வழி திறந்தது. 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. இனி பணக்காரன் எல்லாரையும் வாங்கிவிடுவான், ஆட்டம் செத்தது என்று பலர் சொன்னார்கள்.

பெஞ்சை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. முன்பு அலபாமாவின் மூன்றாவது நிலை வீரன் வாய்ப்புக்காக இரண்டு மூன்று வருடம் காத்திருப்பான். இப்போது அவனுக்கு வேறு கல்லூரி பணமும் கொடுக்கும், முதல் நாளே இறக்கியும் விடும். அவன் ஏன் காத்திருக்கவேண்டும்? எந்த விதியாலும் காலி செய்ய முடியாத அந்த பெஞ்ச் தானாகவே காலியாகத் தொடங்கியது.

சிக்னெட்டி நுழைந்தது இந்த இடைவெளியில்தான். அலபாமாவில் புகழ்பெற்ற தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனிடம் வேலை பார்த்தவர். 2011இல் அதை விட்டுவிட்டு இரண்டாம் தரத்தில் ஒரு சின்னக் கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அங்கிருந்து ஏலான், ஜேம்ஸ் மேடிசன் கல்லூரிகள் என்று படிப்படியாக ஏறி 2023 கடைசியில் இந்தியானா வந்தார். வீரர்களை எப்படி நம்பவைத்து இழுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் சொன்னது: "நான் ஜெயிப்பேன். கூகுள் செய்து பாருங்கள்." கொஞ்சம் திமிர்தான். ஆனால் தேடியவர்களுக்கு ஒரு தோல்வி சீசன்கூடக் கிடைக்கவில்லை.

ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பத்துப் பேருக்கு மேல் அவரோடு வந்தார்கள். நாளை பெரிய ஆளாக வரக்கூடிய பையனை அவர் தேடவில்லை. ஏற்கெனவே களத்தில் ஆடிக் காட்டியவனைத் தேடினார். மென்டோசாவும் அப்படித்தான். பள்ளி முடிக்கும்போது பெரிதாக யாரும் கேட்கவில்லை, யேலுக்குப் போவதாக இருந்தவர், பிறகு கலிஃபோர்னியா பெர்க்லி, அங்கிருந்து இந்தியானா. கல்லூரி ஃபுட்பாலின் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மனை இந்தியானாவுக்கு முதன்முதலாக வாங்கித்தந்தவர் அவர்தான்.

முதல் ஆண்டில் 11 வெற்றி. ஆனால் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15, பிளேஆஃபில் நோட்ரடாமிடம் 27-17 என்று தோல்வி. சுலபமான அணிகளைத்தான் அடித்தார்கள் என்ற பேச்சு அப்போது நியாயமாகவே பட்டது. மறு ஆண்டு அதே ஒஹாயோ ஸ்டேட்டை 13-10, அலபாமாவை 38-3. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

[திரையில்: ஜேம்ஸ் மேடிசனின் ஊதா ஜெர்சி.]

அப்படியானால் சமநிலை வந்துவிட்டதா? எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இந்தியானா பாவப்பட்ட கல்லூரி அல்ல. அது பெரிய கல்லூரிகளின் கூட்டமைப்பான பிக் டென்னின் உறுப்பினர், தொலைக்காட்சிப் பணம் கொட்டும் இடம். பணம் இருந்தும் தோற்றுக்கொண்டிருந்த அணிக்குத்தான் கதவு திறந்தது. பயிற்சியாளரையும் வீரர்களையும் பறிகொடுத்த ஜேம்ஸ் மேடிசனைப் பாருங்கள். அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. 2025இல் தங்கள் கூட்டமைப்பின் பட்டத்தை வென்று, இப்போது 12 அணிகளாக விரிந்த பிளேஆஃபுக்கே வந்தார்கள். முதல் சுற்றில் ஓரிகனிடம் 51-34 என்று தோற்றார்கள். அதே ஓரிகனை அரையிறுதியில் 56-22 என்று அடித்தது இந்தியானா. ஜேம்ஸ் மேடிசனின் புதுப் பயிற்சியாளர் பாப் செஸ்னி? ஓரிகன் ஆட்டத்துக்கு முன்பே யூசிஎல்ஏ அவரை எடுத்துக்கொண்டுவிட்டது. அதுவும் பிக் டென்தான்.