கேட்கிறது, ஆனால் பேசினால் போகவில்லை: ஒரு பிட்எக்ஸ் டிரான்ஸ்மிட்டர் ரிப்பேர்

[திரையில்: மூடி கழற்றிய பெட்டி. ஸ்பீக்கரில் இரைச்சல், நடுவே ஒரு குரல்.]

வணக்கம். சத்தம் கேட்கிறதா? ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள், பேசும் 40 மீட்டர் பேண்ட், 7.1 மெகா ஹெர்ட்ஸ். யாரோ இரண்டு பேர் காலையிலேயே மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பெட்டிக்குக் காது நன்றாக இருக்கிறது. வாய்தான் போய்விட்டது.

இது பிட்எக்ஸ். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்தது. கடையில் கிடைக்கும் சாதாரண பாகங்களை வைத்து வீட்டிலேயே கட்டக்கூடிய எஸ்எஸ்பி டிரான்சீவர், அதாவது கேட்கவும் பேசவும் ஒரே பெட்டி. எஸ்எஸ்பி என்பது சிக்னலின் ஒரு பக்கப் பட்டையை மட்டும் அனுப்பும் முறை. இது நான் என் கையால் ஈயம் வைத்துக் கட்டியது. 12 வோல்ட்டில் 6, 7 வாட் கொடுத்துக்கொண்டிருந்தது. போன மாதம் ஒருநாள் திடீரென்று என் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

அன்று நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பவர் வரவில்லை என்றதும் கை நேராக ஹீட் சிங்க்குக்குப் போனது. அங்கே இருப்பது ஐஆர்எஃப்510, கடைசிக் கட்டத்தில் சிக்னலைப் பெரிதாக்கும் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர். ஆன்டெனா சரியில்லாமல் பிடிடியை (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தினால் முதலில் உயிரை விடுவது இதுதான் என்று எல்லா ஹாம்களும் சொல்வார்கள். சரி, போய்விட்டது போல என்று மாற்றினேன். பவர் வரவில்லை. புதியதும் டூப்ளிகேட்டோ என்று இன்னொன்றை மாற்றினேன். அப்போதும் இல்லை. மூன்றாவதைக் கையில் எடுத்தபோது போர்டில் இருந்த செப்புப் பேட் கழன்று வரத் தொடங்கியிருந்தது. அயர்னைக் கீழே வைத்தேன்.

[திரையில்: உரிந்த பேடின் அண்மைக் காட்சி.]

இப்போது ஒழுங்காகத் தேடலாம். முதல் வேலை, ஆன்டெனாவைக் கழற்றுவது. ரிப்பேர் நேரத்தில் பேண்டில் பீப் சத்தம் விட்டு மற்றவர்களைத் தொல்லைப்படுத்தக் கூடாது. ஆன்டெனா இருந்த இடத்தில் டம்மி லோடு, அதாவது பவரை வெளியே விடாமல் சூடாக மாற்றிவிடும் ரெசிஸ்டர். 1 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் 20 எடுத்துப் பேரலலாக இணைத்தால் 50 ஓம், 20 வாட். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று கேட்டு வாங்குங்கள். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம். அது உள்ளுக்குள் ஒரு காயில், இந்த ஃப்ரீக்வென்சியில் 50 ஓம் ஆக நடந்துகொள்ளாது.

இந்த லோடின் குறுக்கே ஒரு 1என்4148 டயோடும் ஒரு சின்ன கெப்பாசிட்டரும் வைத்தால், மல்டிமீட்டரே வாட் மீட்டர் ஆகிவிடும். மீட்டர் காட்டும் வோல்ட்டோடு டயோடு தின்ற 0.6 சேருங்கள். வந்ததை அதனாலேயே பெருக்கி 100-ஆல் வகுங்கள். வாட் கிடைக்கும். ஆனால் 10 வாட்டுக்கு மேல் இந்த டயோடைப் போடாதீர்கள், தாங்காது.

அடுத்தது சிக்னல். இது எஸ்எஸ்பி. பிடிடியை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தால் நல்ல பெட்டியிலும் பவர் வராது, பேசினால்தான் வரும். புதிதாகக் கட்டியவர்கள் பலர் இதிலேயே பயந்துபோகிறார்கள். பேசிக்கொண்டே அளக்கவும் முடியாது, முள் குதித்துக்கொண்டே இருக்கும். அதனால் போனில் 1000 ஹெர்ட்ஸ் டோன் போட்டு மைக் முன்னால் வைத்துவிட்டேன்.

[திரையில்: மைக் அருகே போன். மீட்டரில் 0.6 வோல்ட்.]

மீட்டர் 0.6. டயோடுக்கு 0.6 சேர்த்தால் 1.2. கணக்குப் போட்டால் 14 மில்லிவாட். 7 வாட் வரவேண்டிய இடம் இது. ஆனால் கவனியுங்கள், பூஜ்யம் இல்லை. எங்கேயோ ஒரு துளி கசிந்து வருகிறது. இது எனக்குப் பிடித்திருந்தது. முழுதாகச் செத்த பெட்டியைவிட முனகுகிற பெட்டியில் தேடுவது சுலபம்.

பிட்எக்ஸில் இன்னொரு வசதி. உள்ளே வரும் சிக்னலும் வெளியே போகும் சிக்னலும் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகின்றன, திசை மட்டும் வேறு. 12 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஃபில்டர், மிக்ஸர், பேண்ட்பாஸ் ஃபில்டர், விஎஃப்ஓ, பிஎஃப்ஓ என்ற இரண்டு ஆசிலேட்டர்கள் எல்லாம் இரண்டுக்கும் பொது. நீங்கள் முதலில் கேட்டீர்களே, அந்த மழைப் பேச்சு? அது தெளிவாகக் கேட்டதால் இத்தனையும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். ஒரு பாகத்தையும் தொடாமல் பாதி போர்டு விடுதலை! மிச்சம் இருப்பது மைக் ஆம்ப்ளிஃபையர், டிரான்ஸ்மிட் பக்க டிரான்சிஸ்டர்கள், ப்ரீ டிரைவர், டிரைவர், கடைசியில் ஐஆர்எஃப்510.

சப்ளை கரண்டைப் பார்ப்போம். டோனை நிறுத்திவிட்டுப் பிடிடியை அழுத்துகிறேன். மாஸ்ஃபெட்டின் கேட் என்ற காலுக்குப் போகும் வோல்ட்டேஜை மாற்றும் பயாஸ் பிரீசெட்டைக் குறைத்தால் கரண்ட் 100 மில்லி ஆம்ப் குறைகிறது. பழைய இடத்துக்குத் திருப்பினால் அதே 100 ஏறுகிறது. கேட்டில் 3.6 வோல்ட்.

இங்கேதான் எனக்கு வெட்கமாக இருந்தது. கேட் வோல்ட்டேஜை மாற்றினால் கரண்ட் மாறுகிறது என்றால் மாஸ்ஃபெட் உயிரோடு இருக்கிறது. கேட் ஷார்ட் ஆகியிருந்தால் 3.6 வோல்ட் அங்கே நிற்காது. உள்ளே ஓப்பன் ஆகியிருந்தால் கரண்ட் ஏறாது. இந்த ஒரு அளவை முதல் நாளே எடுத்திருந்தால் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒரு பேடும் மிச்சம்.

சரி, சிக்னலைப் பின்தொடரலாம். அதற்கு ஆர்எஃப் புரோப், அதாவது ரேடியோ சிக்னலை மல்டிமீட்டரில் வோல்ட்டாகக் காட்டும் கருவி, வேண்டும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று உடைந்து கிடந்தால் அதிலிருந்து ஓஏ79 ஜெர்மானியம் டயோடைக் கழற்றுங்கள், சிறிய சிக்னலுக்கு அது சிலிக்கனைவிட நல்லது. முன்னால் ஒரு சின்ன கெப்பாசிட்டர், பின்னால் மல்டிமீட்டர், தீர்ந்தது. கிரவுண்டு வயர் மட்டும் விரல் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. நீண்டால் அதுவே ஆன்டெனாவாகி, தொட்ட இடமெல்லாம் வோல்ட் காட்டும்.

[திரையில்: புரோப் முனை போர்டில் நகர்கிறது.]

மறுபடியும் டோன். ப்ரீ டிரைவர் கலெக்டர், இருக்கிறது. டிரைவர் பேஸ், இருக்கிறது. டிரைவர் கலெக்டரில் 4.1 வோல்ட். நன்றாக, தெம்பாக இருக்கிறது. ஐஆர்எஃப்510-இன் கேட்டில் 0.2.

டிரைவர் கலெக்டருக்கும் கேட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பாகம். ஒரு கெப்பாசிட்டர். மேலே 104 என்று எழுதியிருக்கும், 0.1 மைக்ரோ ஃபாரட், கடையில் கண்டன்சர் என்று கேட்டால் கொடுப்பார்கள். இடது காலில் புரோப், 4.1. வலது காலில் புரோப், அங்கேயும் 4.1! ஒரு கணம் குழம்பிப்போனேன். அப்புறம் அதே காலின் அடியில், போர்டின் செப்பில் வைத்தேன். 0.2.

[திரையில்: பூதக்கண்ணாடி வழியே ஈயப்பற்று. காலைச் சுற்றி மயிரிழை அளவில் கறுப்பு வளையம்.]

பாருங்கள். காலைச் சுற்றி ஈயத்தில் ஒரு கறுப்பு வளையம். டிரை சால்டர். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. கால் குழிக்குள் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. சூடாகி, ஆறி, பல நாள் அசைந்து விரிசல் விட்டிருக்கிறது. பிளாஸ்டிக் பேனா முனையால் கெப்பாசிட்டரை லேசாக அழுத்துகிறேன், டம்மி லோடில் இருக்கும் மீட்டரைப் பாருங்கள். 25 வரைக்கும் துள்ளுகிறது. விட்டால் மறுபடி 0.6.

டிசி அளவுகளில் ஏன் இது மாட்டவில்லை? கெப்பாசிட்டர் வழியாக டிசி போகாது. அந்தக் கால் ஒட்டியிருந்தாலும் சரி, விட்டிருந்தாலும் சரி, டிரைவருக்கு 12 வோல்ட், கேட்டுக்கு 3.6 வோல்ட் தனித்தனி வழியில் வந்துகொண்டேதான் இருக்கும். டிசி எல்லா இடத்திலும் சரி, ஆர்எஃப் மட்டும் ஓரிடத்தில் காணாமல் போகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்குச் சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டரையும் காயில் முனைகளையும்தான். காயில் முனை எதற்கென்றால், எனாமல் கம்பியைச் சரியாகச் சுரண்டாமல் ஈயம் வைத்திருப்போம். நானும் வைத்திருக்கிறேன்.

சரி செய்வது ஒரு நிமிட வேலை. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டி, ஃபிளக்ஸ் வைத்து, புது ஈயம். பேட் உரிந்த இடத்தில் மாஸ்ஃபெட் காலிலிருந்து டிராக்குக்கு ஒரு சின்ன வயர். பார்க்க அசிங்கம்தான், என் தண்டனை.

மாஸ்ஃபெட்டைக் கழற்றி மாட்டியவர்களுக்கு இரண்டு விஷயம். அதன் முதுகுத் தகடு டிரெயினோடு சேர்ந்தது, சப்ளை வோல்ட் அங்கே இருக்கும். மைக்கா ஷீட் கிழிந்திருந்தால் ஹீட் சிங்க் வழியாக நேராக ஷார்ட். அப்புறம், பவர் போடும் முன் பயாஸ் பிரீசெட்டைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பிவிட்டு, மெதுவாக ஏற்றி, 100 மில்லி ஆம்ப் கூடியதும் நிறுத்துங்கள். புது மாஸ்ஃபெட் பழையதன் பயாஸில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. சப்ளையில் 2 ஆம்ப் ஃபியூஸ் இருக்கட்டும்.

இது 12 வோல்ட் பெட்டி என்பதால் இவ்வளவு சாவகாசமாகக் கை வைக்கிறேன். பழைய வால்வ் செட் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி விரலை நீட்டாதீர்கள். அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் காத்துக்கொண்டிருக்கும்.

[திரையில்: மீட்டரில் 25.1 வோல்ட்.]

25.1. கூட 0.6, 25.7. கணக்கில் 6.6 வாட். டோனை நிறுத்துகிறேன், உடனே பூஜ்யம். இது முக்கியம். சத்தமில்லாதபோதும் பவர் வந்தால் பெட்டி தானாக ஆசிலேட் ஆகிறது, அதோடு ஆன்டெனா பக்கமே போகக் கூடாது.

இப்போது டம்மி லோடுக்குப் பதில் டைப்போல் ஆன்டெனா. பக்கத்துக்கு 10 மீட்டர், மாடியிலிருந்து தென்னை மரத்துக்கு. எஸ்டபிள்யூஆர், அதாவது ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு, பார்த்தாகிவிட்டது. அழைக்கிறேன்.

[ஒலி: இரைச்சல். பிறகு ஒரு குரல், "ஃபைவ் செவன், நன்றாகக் கேட்கிறது, ஒரு மாதமாக ஆளையே காணோமே?"]

கழற்றிப் போட்ட அந்த இரண்டு மாஸ்ஃபெட்டும் மேசை டிராயரில் கிடந்தன. நேற்று ராத்திரி 9 வோல்ட் பேட்டரி, 1 கே ரெசிஸ்டர், ஒரு எல்இடி வைத்துச் சோதித்தேன். கேட்டை பேட்டரி பாசிட்டிவில் தொட்டதும் எல்இடி எரிந்தது, எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தது. கேட்டையும் சோர்ஸையும் இணைத்ததும் அணைந்தது. இரண்டுமே அப்படித்தான். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.