சம்பள வேலையும் சொந்த விளையாட்டும் ஊரார் பணமும்

அவையில் கூடியிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பகலில் ஒரு நிறுவனத்துக்கும் இரவில் தங்களுக்குமாக உழைப்பவர்கள். கூட்டுநிதி, அதாவது இணையத்தில் பலரிடமிருந்து சிறு சிறு தொகையாகப் பணம், திரட்டிக் கணினி விளையாட்டு ஒன்றை முடிப்பது எப்படி என்று பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னதாக எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சம்பள வேலையில் இருந்துகொண்டே விளையாட்டு உருவாக்கும் ஒருவருக்கு உண்மையில் பற்றாக்குறை பணத்திலா, நேரத்திலா? பணத்தில்தான் என்று எண்ணியே பலரும் நிதி திரட்டப் புறப்படுகிறார்கள். ஆனால் கூட்டுநிதி என்பது நமக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு நம் நேரத்தை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஏற்கெனவே நேரப் பஞ்சத்தில் இருப்பவர் அதில் இறங்குவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

வேலை, போக்குவரத்து, வீட்டுக் கடமைகள் எல்லாம் போக ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மிஞ்சினால் அதுவே பெரிய கொடுப்பினை. விடுமுறை நாட்களையும் சேர்த்து வாரத்துக்கு 15 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 40 மணி நேரம் உழைக்கும் ஒருவர் ஓராண்டில் முடிப்பதை முடிக்க நமக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். இதுவும் தாராளமான கணக்குதான். இரவு ஒன்பது மணிக்குக் கணினி முன் உட்காரும் மூளை, காலை ஒன்பது மணிக்கு இருந்த மூளை அல்ல.

அந்த இரண்டு மணி நேரம் எப்படிக் கரைகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். தாவிக் குதித்து ஆடும் விளையாட்டில், பாத்திரம் மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு கணம் வரை தாவல் பொத்தானை ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், "நான் சரியாகத்தான் அழுத்தினேன், கேம்தான் ஏமாற்றுகிறது" என்று ஆடுபவருக்கு ஆத்திரம் வரும். இந்தச் சலுகைக் கணத்தைத் துறையில் 'கயோட்டி டைம்' என்கிறார்கள். வினாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடும் விளையாட்டில் ஆறு ஃப்ரேம் கொடுத்தால் அது வினாடியில் பத்தில் ஒரு பங்கு. நிரலில் நாலைந்து வரிதான். ஆனால் மூன்று ஃப்ரேம் வைத்தால் சலுகை இருப்பதே தெரியாது. பன்னிரண்டு வைத்தால் பாத்திரம் காற்றில் நின்று தாவுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நடுவில் ஓர் எண்ணைப் பிடித்து, மேடைக்கு மேடை ஆடிப் பார்த்து, சரி என்று எழுந்திருக்கும்போது ஒரு பிழை தலைகாட்டும். பாத்திரம் தாவிய உடனே சலுகைக் கணத்தைச் சுழியாக்காமல் விட்டிருப்போம். பொத்தானை வேகமாக இருமுறை தட்டுபவருக்கு இலவசமாக இன்னொரு தாவல் கிடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தேடிப் பிடித்துத் திருத்துவதற்குள் நள்ளிரவு ஆகிவிடும். விளையாட்டின் உயிர் இத்தகைய வேலைகளில்தான் இருக்கிறது. எவ்வளவு பணம் வந்தாலும் இதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட முடியாது.

பணம் கொடுத்து வாங்கக்கூடியவையும் உண்டு. இசை, மொழிபெயர்ப்பு, எழுத்துரு உரிமம், அட்டைப்படம், பலவகைக் கணினிகளில் ஓட்டிப் பார்க்கும் சோதனை ஆகியவை அப்படிப்பட்டவை. கூட்டுநிதி கேட்பதாக இருந்தால் இவற்றுக்குக் கேட்கலாம் என்பது என் கருத்து. "நான் வேலையை விட்டுவிட்டு ஓராண்டு உட்கார்ந்து முடிக்கிறேன்" என்று கேட்பது வேறு வகை. அதற்குத் தேவைப்படும் தொகை பல மடங்கு பெரியது. அந்த ஓராண்டு இரண்டாண்டாக நீளும்போது கையில் சம்பளமும் இராது.

கூட்டுநிதியே இல்லாமல் முடித்தவர்கள் இருக்கிறார்கள். எரிக் பரோன் 'ஸ்டார்டியூ வேலி'யைத் தனி ஒருவராக, நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உருவாக்கினார். அந்தக் காலத்தில் ஓர் அரங்கில் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார். இன்னும் முடியாத விளையாட்டுக்கு முன்பணம் வாங்குவதில்லை என்று உறுதியாக இருந்தார். 2016 பிப்ரவரியில் அது வெளியானது. 2015இல் வெளிவந்த 'ஆக்ஸியம் வெர்ஜ்' விளையாட்டின் நிரல், ஓவியம், இசை அனைத்தையும் செய்தவர் டாம் ஹாப் ஒருவரே. ஏறத்தாழ ஐந்தாண்டு உழைப்பின் பெரும்பகுதி, வேறொரு விளையாட்டு நிறுவனத்தில் முழுநேர ஊழியராக இருந்துகொண்டே செய்தது. கடைசிக் கட்டத்தில் வணிகப் பக்கத்தைக் கவனிக்க இன்னொருவர் சேர்ந்துகொண்டார். நேரம் எங்கே ஒழுகுகிறது என்பதை அறிந்து எடுத்த முடிவு அது என்று நினைக்கிறேன். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நாம் பெயர் சொல்லிப் பேசுவதெல்லாம் கரை சேர்ந்தவர்களைத்தான். பாதியில் கோப்புறையை மூடிவைத்தவர்களின் பட்டியல் எவரிடமும் இல்லை.

இனி நிதி திரட்டலுக்கு வருவோம். 2009இல் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் தளத்தில், அறிவித்த இலக்கை எட்டினால் மட்டுமே பணம் கைக்கு வரும். எட்டாவிட்டால் ஒரு காசும் வராது. பெரும்பாலோர் ஏறத்தாழ ஒரு மாதம் கெடு வைக்கிறார்கள். அந்த ஒரு மாதம் எத்தகையது என்பதுதான் சம்பள வேலைக்காரர் அறிய வேண்டியது. முதல் இரண்டு மூன்று நாட்களிலும் கடைசி இரண்டு மூன்று நாட்களிலும்தான் பணம் குவியும், நடுவில் வறட்சி. வறட்சிக் காலத்தில்தான் வேலை அதிகம்: கேள்விகளுக்குப் பதில், பேட்டி, புதிய காட்சித் துணுக்குகள், அடுத்த அறிவிப்பு. இவை அலுவலக நேரத்திலேயே வந்து விழும். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மேசைக்கடியில் செல்பேசியைப் பார்ப்பவரின் மேலாளர் எத்தனை நாள் பொறுப்பார்? ஆகவே பிரசார மாதத்தை ஆண்டு விடுப்போடு சேர்த்துத் திட்டமிட வேண்டும். குறைந்தது முதல் வாரத்துக்கும் கடைசி வாரத்துக்கும் விடுப்பு கைவசம் இருக்க வேண்டும். அந்த மாதத்தில் விளையாட்டில் ஒரு வரிகூட நகராது என்று எடுத்துக்கொள்வதே நல்லது. பிரசாரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களும் முன்னோட்டக் காணொளிக்கும் அறிமுகப் பக்கத்துக்கும் போய்விடும்.

வந்த பணம் முழுவதும் நம்முடையது அல்ல. தளத்தின் கட்டணம் 5 விழுக்காடு. பணப் பரிமாற்றக் கட்டணம் அதற்கு மேல் 3 முதல் 5 விழுக்காடு வரை. சிலருடைய அட்டையிலிருந்து பணம் வராமலே போகும். பல நாடுகளில் இந்தத் தொகை வந்த ஆண்டின் வருமானமாகக் கருதப்படும் என்பதால், டிசம்பரில் பணத்தை வாங்கி அடுத்த ஆண்டு செலவழிப்பவர் வரியில் மாட்டிக்கொள்ளலாம். கணக்காளர் ஒருவரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்; அந்தச் செலவு வீண் போகாது.

அடுத்தது, பணம் போட்டவர்களுக்குக் கைம்மாறாகத் தரும் வெகுமதிகள். சட்டை, கலைநூல், பொம்மை என்று அறிவிக்கும்போது உற்சாகமாகத்தான் இருக்கும். முந்நூறு பேருக்குச் சட்டை அனுப்புவது என்றால், முந்நூறு அளவுகளைக் கேட்டு வாங்க வேண்டும், இரண்டு ஆண்டுக்குள் வீடு மாறியவர்களின் புதிய முகவரியைத் தேட வேண்டும், சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும், திரும்பி வந்த பொதிகளை மறுபடி அனுப்ப வேண்டும். நம் கணக்கில் இது பல வார மாலைகள். டிஜிட்டல் வெகுமதிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: விளையாட்டின் பிரதி, இசைத் தொகுப்பு, நன்றிப் பட்டியலில் பெயர். பணம் போடுபவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது விளையாட்டுதான்.

ஆனால் வெகுமதிகளைவிட ஆபத்தானது, இலக்கைத் தாண்டிப் பணம் வரும்போது அறிவிக்கும் கூடுதல் இலக்குகள். "இவ்வளவு வந்தால் இன்னொரு நாயகன், அவ்வளவு வந்தால் இன்னொரு உலகம்" என்று ஓர் இரவில் எழுதிவிடலாம். 'ஷவல் நைட்' 2013இல் 75,000 டாலர் கேட்டு 3,11,000 டாலருக்கு மேல் பெற்றது. 2014இல் விளையாட்டும் வெளியானது. ஆனால் கூடுதல் இலக்குகளாக வாக்களித்த பகுதிகள் எல்லாம் முடிந்தது 2019 டிசம்பரில். 'ஹாலோ நைட்' 2014இல் 35,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்டு 57,000க்கு மேல் பெற்றது, 2017இல் வெளியானது. அதன் கூடுதல் இலக்குகளில் ஒன்று, இன்னொரு பாத்திரத்தை ஆடத் தருவது. அந்த ஒரு வாக்குறுதி வளர்ந்து வளர்ந்து 'சில்க்சாங்' என்ற தனி விளையாட்டாகி, 2025 செப்டம்பரில்தான் வெளிவந்தது. இரண்டும் மிகச் சிறந்த விளையாட்டுகள். வாக்கைக் காப்பாற்றியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர்கள் முழுநேரக் குழுக்கள். முதல் விளையாட்டின் விற்பனை வருமானம் அவர்களைத் தாங்கியது. வாரத்துக்கு 15 மணி நேரம் வைத்திருப்பவர் அதே வாக்குறுதியைத் தந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பெரிய பணமும் இதிலிருந்து காப்பாற்றுவதில்லை. 'டபுள் ஃபைன்' நிறுவனம் 2012இல் 4,00,000 டாலர் கேட்டது. 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 லட்சம் டாலருக்கும் அதிகமாகத் தந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வருவதாகச் சொன்ன விளையாட்டு, 'புரோக்கன் ஏஜ்' என்ற பெயரில் 2014 ஜனவரியில் பாதியாகவும் 2015 ஏப்ரலில் மீதியாகவும் வந்தது. பணம் எட்டு மடங்கானதும் திட்டமும் பெருத்தது. பெருத்த திட்டத்துக்கு அந்த எட்டு மடங்கு போதவில்லை. அனுபவமுள்ள நிறுவனத்துக்கே இந்த நிலை.

மாறாக, சிறிதாகக் கேட்டவர்களைப் பாருங்கள். 'எஃப்டிஎல்' விளையாட்டை உருவாக்கிய இருவர் 2012இல் 10,000 டாலர் கேட்டு 2,00,000க்கு மேல் பெற்றார்கள். அவர்கள் வேலையை விட்டுவிட்டவர்கள்தான். ஆனால் சேமிப்பை வைத்துக்கொண்டு விளையாட்டை ஏறத்தாழ முடித்துவிட்டு, அதன்பிறகே கையை நீட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் விளையாட்டு வெளியானது. 'அண்டர்டேல்' உருவாக்கிய டோபி ஃபாக்ஸ் 2013இல் 5,000 டாலர் கேட்டு 51,000க்கு மேல் பெற்றார். ஆடிப் பார்க்கத்தக்க முன்னோட்டப் பகுதி ஒன்றை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். முன்னோட்டப் பகுதி ஆடுபவருக்குப் பிடிக்கிறதா என்பது தெரிவது ஒரு பயன். அதைச் செய்ய நமக்கு எத்தனை மாலைகள் ஆயின என்பது நமக்கே தெரிந்துவிடுவது, என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய பயன். அரை மணி நேர ஆட்டத்துக்கு எட்டு மாதம் ஆனது என்றால், ஐந்து மணி நேர ஆட்டத்தை அடுத்த ஆண்டு தருவதாக எழுதக் கை வராது.

பிரசாரத்தைத் தொடங்குவதற்கு முன் உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றின் ஒப்பந்தங்களில், ஊழியர் பணிக்காலத்தில் உருவாக்கும் படைப்புகள் நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற வாசகம் இருக்கும். சிலவற்றில் வெளி வருமானத்துக்கு முன் அனுமதி தேவை. அலமாரியில் கிடக்கும் விளையாட்டுக்கு இதனால் சிக்கல் வராமல் போகலாம். உங்கள் பெயரில் பல்லாயிரம் டாலர் திரண்ட மறுநாள் வரும். எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அலுவலக மடிக்கணினியில் ஒரு கோப்பைக்கூட வைக்காதீர்கள்.

பணம் வந்த பிறகு மாதம் ஒரு முறை எழுத வேண்டிய அறிக்கையைப் பலரும் சடங்காக நினைக்கிறார்கள். தாமதத்தை ஆதரவாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், மௌனத்தைத்தான் பொறுப்பதில்லை. "இந்த மாதம் அலுவலகத்தில் நெருக்கடி, மூன்றாம் நிலையின் சுவர் மோதல் பிழையை மட்டும் திருத்தினேன்" என்று நான்கு வரி எழுதினால் போதும். நீங்கள் சம்பள வேலையில் இருப்பவர் என்பதைப் பிரசாரப் பக்கத்திலேயே எழுதியிருந்தால் இந்த நான்கு வரி எவருக்கும் அதிர்ச்சி தராது. அதை மறைத்து முழுநேரக் குழுபோலத் தோற்றம் காட்டியவர்தான் ஒவ்வொரு மாதமும் புதுச் சாக்குத் தேட வேண்டியிருக்கும்.

வேலையை விடுவது எப்போது என்ற கேள்வி கடைசியில் வரத்தான் செய்யும். நிதி வந்த மகிழ்ச்சியில் விடுவதற்கு நான் எதிரி. விளையாட்டு தொடக்கம் முதல் முடிவு வரை ஓடுகிற நிலைக்கு வந்து, மெருகும் வெளியீடும் மட்டும் எஞ்சியிருக்கும்போது அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஏனெனில் வெளியீட்டு வாரத்தில் வேலை பகலில் வரும். முதல் நாளில் எவருடைய கணினியிலோ திரை கறுத்துப்போகும், எவருடைய சேமிப்புக் கோப்போ அழியும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியவர், வாங்கிய இரண்டு வாரத்துக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், திருத்தம் அன்றைக்கே போக வேண்டும். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்க முடியாது. நீண்ட விடுப்பு கிடைத்தால் அதுவே போதும், கிடைக்காவிட்டால் விலகலாம். எதுவானாலும், அந்த மாதங்களுக்கான வீட்டுச் செலவு உங்கள் சம்பளத்திலிருந்து சேர்த்ததாக இருக்கட்டும். ஆதரவாளர்கள் தந்தது இசைக்கும் மொழிபெயர்ப்புக்கும் சோதனைக்கும் ஏற்கெனவே செலவாகியிருக்கும்.