ஆவணி மாதத்து உள்ளான்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பறவை பார்க்க எந்த மாதம் நல்லது என்று கேட்டால் மார்கழி, தை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வேடந்தாங்கலில் மரமெல்லாம் நாரையும் கொக்கும் நிறைந்திருக்கும் காலம் அது, மறுக்க மாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால் ஆவணி என்பேன். அதாவது ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. வெயில் இன்னும் விட்டபாடில்லை, ஏரிகளில் தண்ணீர் வற்றிக் கரையோரம் சேறு தெரிகிறது, வேடந்தாங்கலில் கூடுகள் காலி. இந்த நேரத்தில் போய் எதைப் பார்ப்பது என்பார்கள். அந்தச் சேற்றைத்தான், அதில் மேயும் உள்ளான்களைத்தான் பார்க்க வேண்டும்.

நமக்கு ஆவணி என்றால், வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவில் கோடை முடியும் நேரம். அங்கே ஜூனில்தான் பனி உருகும். ஆகஸ்டில் குளிர் திரும்பத் தொடங்கிவிடும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்துவிட்டுக் கரையோரப் பறவைகள் தெற்கே கிளம்பிவிடுகின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் இன்று விரிவாகச் சொல்கிறேன். கர்லூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளான். நீளமான மூக்கு, நுனி மட்டும் கீழே வளைந்திருக்கும். எடை ஏறத்தாழ 60 கிராம். சைபீரியாவின் டைமிர் தீபகற்பம் இதன் முக்கியமான பிறப்பிடங்களில் ஒன்று. அங்கிருந்து நம் சென்னைக் கரைக்கு நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 7,000 கிலோமீட்டர்.

மார்கழியில் இந்தப் பறவையைப் பார்த்தவர்களுக்கு இது மேலே சாம்பல், கீழே வெள்ளை. அவ்வளவுதான். ஆவணியின் தொடக்கத்தில் பார்த்தால் அசந்துபோவீர்கள். நெஞ்சும் வயிறும் செங்கல் நிறம். அந்தச் சிவப்பு அங்கங்கே உதிர்ந்து வெள்ளை தெரியும், முதுகில் சாம்பல் சிறகுகள் முளைத்திருக்கும். இனப்பெருக்கக் கோலம் இன்னும் முழுதாகக் கலையாத பறவை அது. சில வாரங்களில் அந்தச் சிவப்பு போய்விடும். மாதம் முழுக்க, வாரம் தவறாமல் ஒரே ஏரிக்குப் போகிறவர்கள் அந்த மாற்றத்தைத் தம் படங்களிலேயே வரிசையாகப் பார்க்கலாம்.

வந்து சேரும் வரிசையும் கவனிக்க வேண்டியது. இந்த இனத்தில் ஆண் அடைகாப்பதில்லை, குஞ்சைப் பார்த்துக்கொள்வதுமில்லை. ஜூலை தொடக்கத்திலேயே கிளம்பிவிடும். பிறகு பெண். கடைசியாக, அந்த வருஷம் பிறந்த குஞ்சுகள். யாரும் வழி காட்டாமல், ஒரு தடவைகூடப் பார்த்திராத கடற்கரையை நோக்கித் தாமாகவே வருகின்றன. இளம் பறவையைக் கண்டுபிடிப்பது சுலபம்: முதுகுச் சிறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் விளிம்பு இருப்பதால் மீன் செதில் அடுக்கியதுபோலத் தெரியும், நெஞ்சில் லேசாகப் பழுப்பு கலந்த மஞ்சள் சாயல். ஆவணி முடிவில் பெரியவையும் சின்னவையும் ஒரே சேற்றில் நிற்கும்.

குஞ்சுகளால் இவ்வளவு தூரம் தனியாக வர முடியுமா என்று சிலர் சந்தேகப்படுவதுண்டு. பட்டைவால் மூக்கன் என்று இன்னொரு கரையோரப் பறவை இருக்கிறது. அதில் பிறந்து ஐந்து மாதமே ஆன ஒன்று, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பி, 11 நாட்கள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. முதுகில் கட்டிய செயற்கைக்கோள் கருவி வழியாகத் தெரிந்த உண்மை இது.

சரி, எங்கே போவது? சென்னைக்காரர்களுக்குப் பெரும்பாக்கம் சதுப்பு நிலம், பள்ளிக்கரணை, கேளம்பாக்கம்–கோவளம் சாலையை ஒட்டிய உப்பங்கழி. விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் சேற்றிலிருந்து வெக்கை கிளம்பும். தூரத்துப் பறவை எதுவும் கூர்மையாகப் பதிவாகாது. அது லென்ஸின் கோளாறு இல்லை, நடுவிலுள்ள காற்று அலைவதுதான். அதனால் பெரிய லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் சீக்கிரம் எழுந்து பாருங்கள். கேமராவைப் பறவையின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். நின்றபடி எடுத்த படத்தில் சேறுதான் பெரிதாகத் தெரியும். தரையோடு படுத்து எடுத்தால் பறவை தெரியும். அப்புறம் அசையாமல் இருங்கள். அரை மணி நேரம் அப்படியே கிடந்தால் உள்ளான்கள் மேய்ந்தபடி தாமாகவே பக்கத்தில் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன். கூட்டம் பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டுவது, கூட்டத்தை நோக்கி ஓடுவது, ட்ரோன் விடுவது, இதையெல்லாம் தயவுசெய்து செய்யாதீர்கள். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பையெல்லாம் எரித்துவிட்டு வந்து இறங்கிய பறவை அது. இழந்த எடையைத் திரும்பப் பெற வேண்டும். பெரியவை பெரும்பாலும் இங்கே வந்த பிறகுதான் இறக்கையின் பெரிய சிறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதுப்பிக்கின்றன. நாம் ஒரு தடவை விரட்டினால் அதற்குச் சாப்பாட்டு நேரம் போகிறது. தானாக எழும்பும் நேரமும் வரும். வைரி என்ற வேட்டைப் பறவை ஒன்று தலைக்கு மேல் வந்தால் போதும், மொத்தக் கூட்டமும் எழும்பும். அதற்காகக் காத்திருப்பதுதான் சரி.

ஆவணியில் நம் ஊர்ப் பறவைகளும் சும்மா இருப்பதில்லை. பனை மரங்களிலும் கிணற்றோரத்து மரங்களிலும் தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கொண்டிருக்கும். ஆண் பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து பார்த்து, அதற்குப் பிடித்திருந்தால்தான் ஆண் மீதியைக் கட்டும். தூரத்திலிருந்தே எடுக்கலாம். மறைக்கிறது என்று ஓர் ஓலையைக்கூட ஒதுக்கக் கூடாது.

மாதக் கடைசியில் முடிந்தால் கோடியக்கரைக்குப் போய் வாருங்கள். வெளிமான்களுக்காக 1967-இல் சரணாலயமான இடம். 2002-இல் ராம்சார் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையம் பூட்டி ஆராய்ந்து வருகிறது. பூநாரைக் கூட்டம் அப்போது பெரிதாக இருக்காது, அது இன்னும் கொஞ்சம் தள்ளி வரும். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சதுப்பில் நிறைய இருக்கும். வனத்துறை அனுமதி தேவை, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வீட்டை விட்டு வெளியே போக முடியாத நேயர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தப் பறவைகளில் பல இரவில் பயணம் செய்கின்றன, போகும்போது குரல் கொடுக்கின்றன. ஏரிக்கோ கடற்கரைக்கோ பக்கத்தில் குடியிருந்தால், செப்டம்பர் இரவில் மொட்டை மாடியில் காது கொடுத்துக் கேளுங்கள். மூன்று விசில் ஒரே சுருதியில், கணீரென்று கேட்டால் பெரும்பாலும் பச்சைக்காலி என்ற கரையோரப் பறவை. ஏழெட்டு விசில் வேகமாக, விட்டுவிட்டுக் கேட்டால் விம்ப்ரெல் என்ற சின்னக் கோட்டான். பெயர் அப்படி இருந்தாலும் ஆந்தை இல்லை, அதுவும் கரையோரப் பறவைதான்.

இதையெல்லாம் நான் வெறும் பொழுதுபோக்காகச் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 16 கரையோரப் பறவை இனங்களின் ஆபத்து நிலையை உயர்த்தியது. நான் இவ்வளவு நேரம் சொன்ன கர்லூ சாண்ட்பைப்பரும் அதில் ஒன்று. இப்போது அது அழிவாய்ப்புள்ள இனம். வழியில் தங்கும் சேற்றுநிலங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பள்ளிக்கரணை 2022-இல் ராம்சார் தகுதி பெற்றது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதற்குள் அந்தச் சதுப்பில் பெரும் பகுதி கட்டடங்களுக்கும் குப்பைக்கும் போய்விட்டது.

அதனால் நீங்கள் எடுக்கும் படத்தைக் கைபேசியிலேயே முடங்க விடாதீர்கள். தேதி, இடம், எண்ணிக்கையோடு, பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இபேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். பறவையின் காலில் ஆராய்ச்சியாளர்கள் பூட்டிய நிறக்கொடி ஏதாவது தெரிந்தால் அந்தப் படம் தெளிவில்லாவிட்டாலும் அழிக்காதீர்கள். எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து, இவ்வளவும் குறித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். எங்கே, எப்போது பூட்டிய கொடி என்று அவர்களால் தேடிச் சொல்ல முடியும்.

நன்றி, வணக்கம்.