எட்டு எலக்ட்ரான் இருந்தா போதுமா? மந்த வாயுக்கள் பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

கேள்வியைப் படிச்சிடுறேன். "ஆர்கானோட வெளிக்கூட்டுல எட்டு எலக்ட்ரான் நிறைஞ்சிருக்கு, அதனால வினைபுரியாதுன்னு படிச்சோம். செனானுக்கும் அதே எட்டுதான். அது மட்டும் எப்படி ஃபுளூரினோட சேருது? நைட்ரஜனும் சும்மாதானே இருக்கு, அதையும் மந்த வாயுன்னு சொல்லலாமா?"

ரொம்பச் சரியான இடத்துல கை வச்சிருக்கீங்க. எட்டு நிறைஞ்சிடுச்சுங்கிறது மனப்பாடத்துக்கு வசதி, ஆனா காரணமா அது நிக்காது. குளோரைடு அயனி, ஆர்கான் அணு, பொட்டாசியம் அயனி, இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. மூணுக்கும் 18 எலக்ட்ரான். 2, 8, 8னு ஒரே அமைப்பு. இப்போ வாயு நிலையில ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு எவ்வளவு ஆற்றல் தேவைன்னு பாருங்க. குளோரைடுக்கு 349 கிலோஜூல், ஆர்கானுக்கு 1521, பொட்டாசியம் அயனிக்கு 3052. அதே எட்டு எலக்ட்ரான்தான், ஆனா எவ்வளவு வித்தியாசம்! உப்புக்கரைசல்ல கரண்ட் விட்டா குளோரைடு எலக்ட்ரானை விட்டுட்டுக் குளோரினா வெளிய வந்துடுது. ஆர்கான் அப்படி விடாது. மாறுறது அணுக்கரு மட்டும்தான்: புரோட்டான் 17, 18, 19.

ஆக, எண்ணிக்கையைப் பாக்காதீங்க, பிடிமானத்தைப் பாருங்க. ஒரு வரிசையில இடமிருந்து வலம் போகப் போக புரோட்டான் கூடுது. கூடவே சேர்ற எலக்ட்ரான் அதே கூட்டுலதான் உக்காருது, ஒரே கூட்டுல இருக்கிறதுங்க அணுக்கருவோட இழுப்புலருந்து ஒண்ணையொண்ணு சரியா மறைக்காது. அதனால செயலுறு அணுக்கரு மின்சுமை, அதாவது வெளி எலக்ட்ரான் உண்மையில உணர்ற அணுக்கரு மின்சுமை, ஏறிக்கிட்டே வந்து, மந்த வாயுவுல உச்சத்துக்குப் போகுது. எலக்ட்ரானைக் கொடுக்கிற வழி இதனால அடைபடுது.

வாங்கலாமேன்னா, 19-ஆவது எலக்ட்ரானுக்கு மூணாவது கூட்டுல 3p-ங்கிற உள்கூட்டுல இடமில்லை, நாலாவது கூட்டுல இருக்கிற 4s-க்குப் போகணும். அங்கிருந்து பாத்தா உள்ள இருக்கிற 18 எலக்ட்ரானும் 18 புரோட்டானைக் கிட்டத்தட்ட முழுசா மறைச்சிடும். இழுக்க ஆளே இல்லை.

பங்கு போட்டுக்கலாமேன்னா, அதுக்கு இணையாத எலக்ட்ரான், அதாவது ஜோடி இல்லாம தனியா இருக்கிற எலக்ட்ரான் வேணும். கார்பன் என்ன பண்ணுது? மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் செலவழிச்சு 2s எலக்ட்ரானை 2p-க்கு ஏத்துது. பதிலுக்குக் கூடுதலா ரெண்டு பிணைப்பு, ஒவ்வொண்ணும் 400 கிலோஜூலுக்கு மேல. லாபம். ஆர்கான் 3p-யிலருந்து 4s-க்கு ஏத்த 1100-க்கு மேல ஆகும், பிணைப்புல அது திரும்பி வராது.

இப்போ செனான். வெளி எலக்ட்ரான் அஞ்சாவது கூட்டுல, ரொம்பத் தள்ளி இருக்கு. அயனியாக்கும் ஆற்றல், அதாவது எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல், 1170-ஆ இறங்கிடுது. ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் கிட்டத்தட்ட இதேதான். பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறுலருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குதுன்னு கனடாவுல நீல் பார்ட்லெட் கண்டுபிடிச்சாரு. அப்படின்னா செனான்லருந்தும் பிடுங்கணுமேன்னு 1962-ல ரெண்டையும் சேர்த்தாரு, ஆரஞ்சு மஞ்சள் நிறத்துல திண்மம் கிடைச்சது. வேதியியல்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச தர்க்கம் இது, ரெண்டே எண்ணை ஒப்பிட்டுப் பாத்து வந்தது.

ஏன் ஃபுளூரின்? எலக்ட்ரானை இழுக்கிற சக்தி அதிகம், அதோட F-F பிணைப்பு வெறும் 158 கிலோஜூல், சுலபமா உடையும். செனானை அதிகமா எடுத்து, நிக்கல் கலத்துல 400 டிகிரி செல்சியஸ் வாக்குல ஃபுளூரினோட சூடாக்கினா செனான் டைஃபுளூரைடு வரும். ஃபுளூரின் கூடிட்டா டெட்ராஃபுளூரைடும் கலந்துடும். நிக்கல் எதுக்குன்னா, அதோட மேல ஃபுளூரைடு படலம் படிஞ்சு உள்ள இருக்கிற உலோகத்தைக் காப்பாத்தும். ஈரம் மட்டும் படவே கூடாது. செனானோட டெட்ராஃபுளூரைடும் ஹெக்ஸாஃபுளூரைடும் தண்ணியோட சேர்ந்து செனான் ட்ரைஆக்சைடு உண்டாக்கும், அது காய்ஞ்சா வெடிக்கும்.

கடைசியா நைட்ரஜன். அது சும்மா இருக்கிறதுக்குக் காரணமே வேற: அணு மந்தமில்லை, மூலக்கூறோட முப்பிணைப்பு பலமானது, 945 கிலோஜூல். பிணைப்பு உடைஞ்சா அணு பாய்ஞ்சு வினைபுரியும். பட்டறையில உருகின உலோகத்துல காத்து படாம இருக்க ஆர்கானை ஊதி ஆர்கான் வெல்டிங்னு செய்றோமே, அங்க நைட்ரஜன் சிலிண்டரை மாட்டினா ஆர்க், அதாவது மின்வில் சூட்டுல மூலக்கூறு பிளந்து, உருகின இரும்புல கரைஞ்சு, ஆறும்போது பொத்தல் பொத்தலா வெளிய வரும். டைட்டேனியமா இருந்தா நைட்ரைடாகி நொறுங்கும். ஆர்கானும் ஆர்க்ல அயனியாகுது, ஆனா எலக்ட்ரானைத் திரும்ப வாங்கிக்கிட்டு ஆர்கானாவே போயிடுது. ஆர்கான் போட்டும் பொத்தல் வருதுன்னா வாயு எவ்வளவு வருதுன்னு காட்டுற ஃப்ளோ மீட்டரைப் பாருங்க. சாதாரண நாசிலுக்கு நிமிஷத்துக்கு 8-லருந்து 12 லிட்டர் போதும். ரொம்பக் கூட்டினா வாயு சுழல ஆரம்பிச்சு பக்கத்துக் காத்தை உள்ள இழுக்கும், அந்தக் காத்துல இருக்கிற நைட்ரஜன்தான் வேலையைக் கெடுக்கும்.