பாம்புக்கடிக்குக் கட்டாதீர்கள், பீய்ச்சும் ரத்தத்துக்குக் கட்டுங்கள்

வணக்கம். ஏற்காடு எஸ்டேட்டுகளில் முதலுதவி வகுப்பு எடுக்கப் போனால் ஒன்றைப் பார்க்கலாம். பாம்பு கடித்தால் கயிற்றோடு நாலு பேர் ஓடி வருவார்கள். அங்கே இறுக்கிக் கட்டவே கூடாது, கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போதும். அதே ஆட்கள், சில்வர் ஓக் கிளை கழிக்கும்போது அறுக்கிற மிஷின் தொடையில் இறங்கிவிட்டால் காப்பித்தூளைத் தேடுவார்கள்! பீய்ச்சி அடிக்கிற ரத்தத்தில் தூள் நிற்குமா?

பெரியவர்கள் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம்தான். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும், 108 வண்டி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வரும்வரை தாங்காது.

வண்டிக்கு ஒருவர் போன் போடட்டும். நீங்கள் துணியைக் காயத்தில் வைத்து, உடம்பு பாரமெல்லாம் இறங்குகிற மாதிரி இரண்டு கையாலும் அழுத்துங்கள். பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். கையிலோ காலிலோ அப்படியும் நிற்காமல் கொட்டினால்தான் டூர்னிக்கெட், அதாவது ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டுகிற பட்டை. அது இல்லையென்றால் துப்பட்டாவை மூன்று விரல் அகலத்துக்கு மடித்து, காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டில் படாமல் சுற்றி முடிச்சுப் போடுங்கள். முடிச்சின் மேல் உறுதியான குச்சியோ ஸ்பேனரோ வைத்து இன்னொரு முடிச்சு, அப்புறம் ரத்தம் நிற்கும்வரை திருகி, குச்சி அவிழாமல் கட்டிவிடுங்கள். நைலான் கயிறு, கம்பி எல்லாம் வேண்டாம், சதையை அறுத்துவிடும். அடிபட்டவர் வலியில் கத்துவார், உங்களைத் திட்டக்கூடச் செய்வார், அதற்காகப் பாவம் பார்த்து அரைகுறையாகக் கட்டினால் ரத்தம் இன்னும் கூடுதலாகத்தான் போகும், ஏனென்றால் திரும்பிப் போகிற சிரைதான் அடைபடும், உள்ளே கொண்டுவருகிற தமனி ஓடிக்கொண்டே இருக்கும்.

கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். நடுவில் தளர்த்திப் பார்க்காதீர்கள், அது டாக்டர் வேலை. கால் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், பொதுவாக 2 மணி நேரம் வரை கால் தாங்கும், அதற்குள் சேலம் அரசு மருத்துவமனைக்கே இறங்கிவிடலாம்.

கழுத்தில் மட்டும் கட்டவே கூடாது. அக்குள், தொடை இடுக்கில் கட்ட இடமே கிடையாது, துணியைக் காயத்துக்குள் திணித்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மேஸ்திரிமார்களே, முதலுதவிப் பெட்டியில் ஒரு டூர்னிக்கெட்டும் ஒரு மார்க்கர் பேனாவும் போட்டு வையுங்கள். பெட்டி ஆபீஸ் ரூமில் பூட்டிக் கிடக்க வேண்டாம், மரம் அறுக்கிற இடத்துக்கு மிஷினோடு சேர்ந்து வரட்டும்.