மீட்டரில் இரண்டு எண்கள்

வணக்கம் நேயர்களே. கூரையில் சோலார் போட்ட வீடுகளில் முதல் பில் வந்ததும் எழுகிற கேள்வி இது: "சோலார் இன்வெர்ட்டர் ஆப்பில் 720 யூனிட் உற்பத்தி என்று காட்டுகிறது. பில்லில் 400தான் கழித்திருக்கிறார்கள். மீதி 320 எங்கே போச்சு?"

எங்கும் போகவில்லை. பகலில் ஓடிய ஃபிரிட்ஜும் மோட்டாரும் மின்விசிறியும் அந்த 320-ஐ வீட்டுக்குள்ளேயே செலவழித்துவிட்டன. வாசல் மீட்டரைத் தாண்டி வெளியே போனதற்குத்தான் வரவு. மீட்டர் திரையில் 1.8.0 என்று வருவது மின்வாரியத்திடம் வாங்கியது, 2.8.0 என்று வருவது நாம் கொடுத்தது. இரண்டு மாதத்தில் 450 வாங்கி 400 கொடுத்திருந்தால், பில் 50 யூனிட்டுக்குத்தான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அதற்கும் மின்கட்டணம் இல்லை. வாங்கியதைவிடக் கொடுத்தது கூடினால், மிச்ச யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும். வரவு யூனிட்டாகத்தான் சேரும், ரூபாயாக அல்ல. யூனிட்டுக்கு யூனிட் கழிவதால், துணி துவைப்பதை மதியத்துக்கு மாற்றினாலும் பில் பெரிதாகக் குறையாது.

ஆகவே சோலாரைத் தேவைக்கு அளவாகப் போடுங்கள். போன வருடத்து ஆறு பில்களின் யூனிட்டைக் கூட்டி 1,400-ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் என்று தெரியும். 4,200 யூனிட் என்றால் 3 கிலோவாட். மத்திய அரசின் சூரிய வீடு திட்ட மானியமும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது.

ஒன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். வாங்கியதையும் கொடுத்ததையும் தனித்தனியே கணக்கிடும் இருவழி மீட்டர் பொருத்தும் முன் இன்வெர்ட்டரை ஆன் செய்யவே கூடாது. பழைய மீட்டர்கள் பலவற்றில், மின்சாரம் எந்தப் பக்கம் போனாலும் எண் கூடத்தான் செய்யும். திருட்டைத் தடுக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். நீங்கள் கொடுத்த யூனிட்டுக்கு நீங்களே காசு கட்ட நேரிடும்.

நல்ல வெயிலில் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறதா? அதன் திரையில் வோல்டேஜைப் பாருங்கள். 230 இருக்கவேண்டிய இடத்தில் 255, 260 என்றிருந்தால், அது தன்னைக் காத்துக்கொள்ள நிற்கிறது. அந்த நேரத்து வரவு போயிற்று. மாடியிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் வோல்டேஜ் இன்னும் ஏறும். முதலில் கேபிளைத் தடிமனாக்குங்கள். அப்படியும் நின்றால், மதிய நேர வோல்டேஜ் அளவுகளைக் குறித்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

புது மீட்டர் மாட்டும் நாளில் பழைய மீட்டரின் கடைசி எண், புதியதின் 1.8.0, 2.8.0 மூன்றையும் படமெடுத்து வையுங்கள். ரீடிங் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அப்படியே. 2.8.0 பதிவாகாமல் பில் வந்தால், திருத்தம் கேட்க அந்தப் படம்தான் கையில் இருக்கும்.